ஆவாரம்பூவுக்கும் கே.ஒய்.சி. கேளுங்க சாமி!

மார்ச் முடிஞ்சு, ஆடிட்டும் முடிஞ்சு, இப்பத்தான் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. பொங்கலிலிருந்து தொண்டையில நின்னுக்கிட்டிருக்கிற ஒரு விஷயத்தை இன்னிக்கு இறக்கி வெச்சுடலாம்னு உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் காரமா இருக்கும். ஆனா திட்டு வாங்கற லிஸ்ட்ல என் பேரும் இருக்கு, அதனால கோவிச்சுக்காம கடைசி வரைக்கும் படிங்க :-)

போன பொங்கலுக்கு நடந்தது. எங்க ஹைதராபாத் அபார்ட்மென்ட்ல தமிழ்க் குடும்பம் ஒரு இருபத்தஞ்சு இருக்கோம். அதுல பாதி கொங்குப் பக்கம். போகி அன்னிக்குச் சாயங்காலம் எல்லார் வீட்டு நிலையிலும் காப்புக் கட்டறதுன்னு முடிவாச்சு. வேப்பிலைக்குப் பஞ்சமில்லை. பூளைப்பூவை ஊருக்குப் போயிட்டு வந்த ஒருத்தர் பையில போட்டுக் கொண்டாந்துட்டார். ஆவாரம்பூவுக்கு மட்டும் ஒரு அன்பர் "நான் பார்த்துக்கறேன்"னார்.

பார்த்துக்கிட்டார். எங்க காம்பவுண்டு ஓரமா வரிசையா நட்டிருக்கிற, ஊதுகுழல் மாதிரிப் பூக்கிற மஞ்சள் பூவைக் கொத்துக் கொத்தா ஒடிச்சுக்கிட்டு வந்துட்டார். நர்சரியில டெகோமான்னு சொல்லி விப்பாங்களே, அதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி.

இருபத்தஞ்சு வீட்டு வாசல்லயும் அது ஏறிடுச்சு. அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில போட்டாங்க. அதுக்குக் கீழேயே ஆவாரம்பூவின் மகிமை பத்தி ஒரு பார்வர்டு. அதுக்கு வரிசையா கட்டை விரல். நான் அந்த அன்பர்கிட்ட மெதுவா, "அண்ணே, இது ஆவாரை இல்லைங்க"ன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "சார், பேங்க்ல செக்குல கையெழுத்துப் பார்க்கற மாதிரி பூவையும் பார்க்காதீங்க. மஞ்சளா இருக்கு, மனசு இருக்கு, போதும்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன்.

வீட்டுக்கு வந்தப்புறம் தோணுச்சு. போதாது. மஞ்சளும் மனசும் மட்டும் போதவே போதாது. ஏன் போதாதுன்னு சொல்றதுதான் இந்தப் பதிவு.

முதல்ல என் குற்றத்தை ஒப்புக்கறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கோயமுத்தூருக்குத் தெற்கே மதுக்கரைப் பக்கம். சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமென்ட்டுக்கும் பேர் போன ஊர். காட்டுக்குள்ள நடந்தா காலுக்கடியில வெளுப்பா கல்லு, அதுக்கு நடுவுல ஆவாரஞ்செடி. போகி அன்னிக்குக் காலையில அம்மிச்சி என்னை அனுப்பிப் பூ ஒடிச்சுட்டு வரச் சொல்லும். தப்பான செடியை நான் ஒடிச்சுட்டு வந்ததா ஞாபகமே இல்லை. அந்த நெனப்புல, ஆவாரை எனக்குத் தெரியும்னு முப்பது வருஷம் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்புறம் பேங்க் என்னை தாண்டூர் பக்கம் ஒரு கிளைக்கு மாத்துச்சு. ஹைதராபாத்துக்கு மேற்கே, கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிற ஊர். உங்க வீட்டுத் தரையில நீலம் கலந்த சாம்பல் நிறத்துல பட்டைக்கல் போட்டிருந்தா அதுல பாதி இங்கிருந்து வந்திருக்கலாம். தாண்டூர் கல்லுன்னே பேரு. அதுவும் சுண்ணாம்புக்கல்தான். புத்தகத்தை அடுக்கி வெச்ச மாதிரி பாளம் பாளமா பூமிக்குள்ள இருக்கும். துவரைக்கும் பேர் போன ஊர், 2022ல அந்தத் துவரைக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது.

ஒரு விவசாயி கடன் கேட்டு வந்தார். அடமானத்துக்கு நிலம் பார்க்கப் போனேன். கல்லுப் பாளத்து மேல ஒரு சாண் மண்ணு, பாதி இடத்துல அதுவும் இல்லை. இடுப்பு உயரத்துக்குப் புதர். ரிப்போர்ட்ல என்ன எழுதினேன் தெரியுமா? "காட்டுப் புதர்கள் தவிர நிலத்தில் வேறெதுவும் இல்லை." அவரோட அம்மா கூடவே வந்திருந்தாங்க. நான் எதைப் பார்த்து எழுதறேன்னு புரிஞ்சுக்கிட்டு, "அதி தங்கேடு, சாரூ"ன்னாங்க. அது தங்கேடு, புதர் இல்லைன்னு திருத்தறாங்க. ஒரு கிளையை வளைச்சு, இலை தண்டோட சேர்ற இடத்தைக் காட்டினாங்க. காது மாதிரி வட்டமா ரெண்டு பச்சைச் செதில். "இது இருந்தாத்தான் தங்கேடு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

நான் அங்கேயே நின்னேன். அது எங்க ஊர் ஆவாரை! பூ இல்லாத மாசம், அவ்வளவுதான். இலையும் காஞ்ச காயும் மட்டும் இருந்ததால எனக்கு அது "காட்டுப் புதர்" ஆயிடுச்சு. அதாவது, எனக்குத் தெரிஞ்சது மஞ்சள் மட்டும்தான். எங்க அபார்ட்மென்ட் அன்பருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்ப மேட்டருக்கு வருவோம்.

ஒருத்தர் வந்து கணக்குத் திறக்கணும்னா, போட்டோவை மட்டும் கொடுத்தா திறப்பமா? அடையாளச் சான்று, முகவரிச் சான்று, கையெழுத்து எல்லாம் கேக்கறோமில்ல? ஒரே தெருவுல நாலு முருகேசன் இருப்பாங்க, யாரோ ஒருத்தன் பணத்தை இன்னொருத்தன் எடுத்துட்டுப் போயிடுவான், அதனால கேக்கறோம். செடியிலயும் நாலு முருகேசன் உண்டு. அதனால ஆவாரைக்கும் கே.ஒய்.சி. பண்ணுங்க. நான் படிச்சது பி.காம்., தாவரவியல் இல்லை. எனக்கே வருதுன்னா உங்களுக்கும் வரும்.

1. முகவரி: வறண்ட காடு, பாறை நிலம், ரோட்டோரம், சுண்ணாம்புக்கல் பூமி. வேறெதுவும் வராத இடத்துல வரும். ஆடுமாடு பெரும்பாலும் வாய் வைக்காது, அதனால மேய்ச்சல் காட்டுலயும் தப்பிச்சு நிக்கும். ஆனா முகவரியை மட்டும் நம்பாதீங்க. சுண்ணாம்பு மண்ணுலதான் வரும்னு இல்லை, கரிசல்லயும் செம்மண்ணுலயும் வரும். அதே ரோட்டோரத்துல மத்த முருகேசன்களும் குடியிருப்பாங்க.

2. கையெழுத்து: அந்தக் காதுதான். ஒவ்வொரு இலையோட அடியிலயும் தண்டைத் தழுவின மாதிரி அகலமா, வட்டமா ரெண்டு செதில். பூ இல்லாத காலத்துலயும் இருக்கும். 1753ல லின்னேயஸ் இதுக்குப் பேர் வெச்சப்போ "காதுள்ளது"ங்கற அர்த்தத்துல ஆரிகுலாட்டான்னுதான் வெச்சார். அப்ப கணக்கு காசியா கிளையில இருந்துச்சு. 1832ல வெளியான ராக்ஸ்பர்க் நூல்ல சென்னா கிளைக்கு மாத்தலாச்சு. கிளை மாறினாலும் கையெழுத்து மாறலை பாருங்க.

3. இலை: ஒரு காம்புல எட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடி சிற்றிலை. நுனி மழுங்கல், அதுல பொடி முள் மாதிரி ஒரு சின்ன முனை. ஜோடி ஜோடியா சேர்ற இடத்துல குண்டூசி நட்ட மாதிரி சின்னச் சுரப்பி ஒண்ணொண்ணு நிக்கும். கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாருங்க, தெரியும்.

4. பூ: அஞ்சு இதழும் தனித்தனியா இருக்கும். ஓரம் சுருக்கம் சுருக்கமா இருக்கும். நடுவுல பத்து மகரந்தத் தாள், அதுல மேல இருக்கிற மூணு சும்மா பேருக்கு, வேலை செய்யாது. (எந்த ஆபீஸ்லதான் இல்லை? ஹி..ஹி..) இதழெல்லாம் ஒட்டிப் போய் ஊதுகுழல் மாதிரி இருந்தா அது ஆவாரையே இல்லை, டெகோமா. அதோட இலை ஓரம் ரம்பம் மாதிரி வெட்டு வெட்டா இருக்கும். ஆவாரை இலையில வெட்டு கிடையாது.

5. காய்: தட்டையா, காகிதம் மாதிரி மெலிசா இருக்கும். காஞ்சா வெளிர் பழுப்பு. உள்ளே விதை இருக்கிற இடம் மட்டும் மேடு தட்டும். குலுக்கினா சலசலன்னும்.

அஞ்சும் ஒத்துப் போனா கணக்கைத் திறங்க. கையெழுத்து ஒத்து வரலைன்னா, மத்த நாலும் சரியா இருந்தாலும் செக்கைத் திருப்பி அனுப்பிடுங்க.

"இதெல்லாம் எதுக்கு சார்? பண்டிகைக்கு ஒரு பூ, அவ்வளவுதானே"ன்னு கேக்கறவங்களுக்குத்தான் அடுத்த பகுதி.

வாசல்ல கட்டற வரைக்கும் தப்பு நடந்தா அவமானம் மட்டும்தான். ஆனா நாம வாசலோட நிறுத்தலையே! ஆவாரம்பூ டீ, ஆவாரம்பூப் பொடி, ஆவாரம்பூ கஷாயம்னு குடிச்சுக்கிட்டில்ல இருக்கோம்? ஆவாரை பூத்திருந்தா சாவாரே இல்லைங்கற பழமொழியை ஒவ்வொரு குழுவிலயும் போட்டு, சர்க்கரை வியாதிக்கு இதுதான் மருந்துன்னு பெரியவங்களுக்கு அனுப்பிக்கிட்டில்ல இருக்கோம்? போன வருஷம் நான் ஒரு பாக்கெட் வாங்கினேன். அதுல போட்டிருந்த படம் சரக்கொன்றை. உள்ளே என்ன இருந்துச்சோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பேர்லயே வம்பு இருக்கு. நம்ம தமிழ்ல ஆவாரை உண்டு, நிலாவாரை உண்டு, பொன்னாவரை உண்டு. மூணும் ஒரே குலம், மூணு வேற ஆள். நிலாவாரை பேதிக்குக் கொடுக்கிறது. நம்ம தென்மாவட்டத்துலயே பயிர் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. பொன்னாவரைன்னு பேர் கேட்டா ஏதோ ஆவாரையை விட ஒசத்தி மாதிரி இருக்கில்ல? அதோட இன்னொரு பேர் பேயாவரை. ரெண்டும் ஒரே செடி!

அந்தப் பேயாவரை என்ன பண்ணுச்சுன்னு கேளுங்க. மேற்கு உத்தரப் பிரதேசத்துல வருஷா வருஷம் மழைக்காலம் முடிஞ்சு குளிர் தொடங்கற சமயத்துல கிராமத்துக் குழந்தைங்க திடீர் வாந்தி, வலிப்பு, மயக்கம்னு ஆஸ்பத்திரிக்கு வந்து, பல பேர் சில நாள்லயே இறந்து போனாங்க. ரொம்ப காலம் மூளைக்காய்ச்சல்னே நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. குழந்தைங்க வீட்டுப் பக்கத்துல முளைச்ச ஒரு செடியோட விதையை விளையாட்டாப் பறிச்சுத் தின்னதை டாக்டர்கள் கவனிச்சு, 2007ல ஆய்வா வெளியிட்டாங்க. அது பேயாவரை விதை. கல்லீரல், தசை, மூளை மூணையும் ஒண்ணா அடிக்கிற விஷம். 2016ல ஒடிசாவுல மல்கான்கிரியில குழந்தைங்க இறந்தப்பவும் இதே விதையோட பேர் அடிபட்டுச்சு.

அந்தச் செடியும் ரோட்டோரத்துலதான் வருது. அதுவும் மஞ்சளாத்தான் பூக்குது. "மஞ்சளா இருந்தாப் போதும்"னு சொன்ன வாய் இப்ப என்ன சொல்லும்? நம்ம பிள்ளைங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், "பார்றா, இதுதான் ஆவாரம்பூ, உடம்புக்கு ரொம்ப நல்லது"ன்னு பேயாவரையைக் காட்டற அப்பா நாளைக்கு இந்தப் பதிவைப் படிக்கிறவங்கள்லயே ஒருத்தரா இருக்கலாம்.

அதனால பேயாவரையோட ஆதாரையும் சொல்லிடறேன். சிற்றிலை நாலஞ்சு ஜோடிதான், நுனி கூரா இருக்கும். சுரப்பி ஜோடிக்கு ஜோடி இருக்காது, காம்போட அடியில ஒண்ணே ஒண்ணு உருண்டையா இருக்கும். கசக்கினா நாத்தம். காய் ஒடுக்கமா, நீளமா, லேசா வளைஞ்சு இருக்கும். முக்கியமா, அந்தக் காது இருக்காது. பிள்ளைங்களுக்கு முதல்ல இதைச் சொல்லிக் கொடுத்துட்டு அப்புறம் ஆவாரையைச் சொல்லிக் கொடுங்க.

அடுத்த வாதம்: "செல்போன்ல ஆப் இருக்கே சார், படம் எடுத்தா பேர் சொல்லிடும்." சொல்லும். நானும் வெச்சிருக்கேன். ஆனா நீங்க எதைப் படம் எடுக்கறீங்க? பூவை. தூரத்திலிருந்து, அழகா. காதையும் சுரப்பியையும் யாரும் எடுக்கறதில்லை. போட்டோவை மட்டும் கொடுத்து ஆள் யாருன்னு கேட்டா அது தோராயமாத்தான் சொல்லும். ஆப்புக்குக் கூட எதைக் காட்டணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் ஆப் உபயோகம். அது கிளார்க் மாதிரி, கடைசிக் கையெழுத்து ஆபீசர் போடணும். ஆபீசர் நீங்கதான்.

இன்னொரு வாதம்: "ஊரை விட்டு வந்தாச்சு, இனிமே இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?" இதுக்குத்தான் எனக்குக் கோபமே வருது. ஊரை விட்டு வந்தோம் சரி, ஆவாரையை விட்டா வந்தோம்? அது நமக்கு முன்னாடியே இங்கே இருக்கு. தெலங்கானா 2014ல தனி மாநிலம் ஆனதும் மாநிலப் பூவா எதைத் தேர்ந்தெடுத்தாங்க? தங்கேடு. ஒவ்வொரு வருஷமும் பதுக்கம்மாவுக்கு இந்த ஊர்ப் பெண்கள் தட்டுல அடுக்கற பூவுல முக்கியமான பூ அது. நம்ம குழுவில "தமிழனின் ஆவாரம்பூ"ன்னு பெருமை அடிச்சுக்கிட்டு இருந்த அதே போகி அன்னிக்கு, எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் நம்ம வாசலைப் பார்த்துட்டுப் போனார். தங்கேடு எதுன்னு அவருக்குத் தெரியும். நாம என்ன கட்டியிருந்தோம்னும் தெரிஞ்சிருக்கும். மனுஷன் ஒண்ணும் சொல்லலை, அது அவர் பெருந்தன்மை.

பெருமை பேசறதுக்கு நமக்குக் காரணம் இல்லாம இல்லை. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் அடுக்கற பூக்கள்ல ஆவிரை இருக்கு. காதலுக்காக மடலேறினவன் சூடிக்கிட்டதா சங்கப் பாட்டு சொல்ற பூவும் இதுதான். பட்டையில சுமார் 18 சதவீதம் டானின் இருக்கறதால நம்ம ஊர்த் தோல் பதனிடற தொழிலே ஒரு காலத்துல இந்தப் பட்டையை நம்பித்தான் நடந்துச்சு. வெள்ளைக்காரன் இதுக்கு வெச்ச பேரே டேனர்ஸ் காசியா, தோல் பதனிடறவன் செடின்னு அர்த்தம். வயலுக்குத் தழை உரமாப் போட்டாங்க. இத்தனையும் சரி. ஆனா செடி எதிர்ல வந்து நின்னா ஆளைத் தெரியாதவன் பேசற பெருமைக்கு என்ன மதிப்பு? பேலன்ஸ் இல்லாத கணக்குல செக் எழுதற கதைதான்.

கடைசியா, என் தொழில் பத்தின ஒரு வார்த்தை. நான் எழுதின அந்த "காட்டுப் புதர்கள் தவிர வேறெதுவும் இல்லை" ரிப்போர்ட் மாதிரி நாடு பூரா எத்தனையோ ரிப்போர்ட் இருக்கும். புதர்க்காடுங்கறது நம்ம நாட்டு அரசாங்கக் கணக்குல தரிசு வகையில வருது. 2019ல வந்த தரிசு நில வரைபட நூல்லயும் புதர் நிலத்துக்குத் தனித்தனியா வகையே இருக்கு. தரிசுன்னு எழுதிட்டா அப்புறம் அங்கே குவாரி வந்தாலும் கேள்வி இல்லை, கல்லு அறுத்த கழிவைக் கொண்டு போய்க் கொட்டினாலும் கேள்வி இல்லை. "அங்கே என்ன இருந்துச்சு, ஒண்ணுமில்லாத இடம்தானே"ம்பாங்க. குவாரியே வேண்டாம்னு நான் சொல்லலை. என் வீட்டுத் தரையும் தாண்டூர் கல்லுதான். ஆனா ஒண்ணுமில்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி, என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதணுமில்ல? பேர் தெரியாத செடி புதர். பேர் தெரிஞ்சா ஆவாரை. புதரை அழிச்சா யாரும் கேக்க மாட்டாங்க, ஆவாரையை அழிச்சா நாலு பேராவது ஏன்னு கேப்பாங்க.

அந்த ரிப்போர்ட்டை நான் அன்னிக்குத் திருத்தலை. அங்கே செடி பேர் எழுத ஒரு கட்டம் கூட இல்லைன்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். அது இன்னமும் உறுத்துது. இந்தப் பதிவுக்கு அதுவும் ஒரு காரணம்னு வெச்சுக்கங்க.

அதனால மக்களே, அடுத்த பொங்கலுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முன்னாடியே ஊருக்கு வெளியே போங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க. ஹைதராபாத்காரங்க தங்கேடுன்னு கேளுங்க. கர்நாடகாவுல தங்கடி இல்லைன்னா ஆவரிகே. மகாராஷ்டிராவுல தர்வட். குஜராத்துல ஆவள், நம்ம பேருக்கு எவ்வளவு கிட்ட வருது பாருங்க! உள்ளூர்ப் பெரியவங்களைக் கேட்டாக் காட்டுவாங்க. காதைத் தடவிப் பார்த்துட்டு ரெண்டு கொத்து ஒடிங்க, செடியை மொட்டை அடிக்காதீங்க. கிடைக்கலையா? வெறும் வேப்பிலையைக் கட்டுங்க. கிடைக்கலைன்னு சொல்றது கேவலம் இல்லை, கிடைச்சதை எல்லாம் ஆவாரைன்னு சொல்றதுதான் கேவலம்.

பி.கு. 1: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறவங்க ஆவாரம்பூ டீயை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க. எலிக்குக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியை நம்பி நம்ம அம்மாவுக்கு மாத்திரையை நிறுத்த முடியாது. டாக்டரைக் கேளுங்க.

பி.கு. 2: அந்த டெகோமா அன்பர் இந்தப் பதிவைப் படிப்பார்னு தெரியும். அண்ணே, அடுத்த போகிக்கு நானும் நீங்களும் சேர்ந்தே போவோம், வண்டி என்னுது. இலையைப் புரட்டிக் காது பார்க்கிற வேலை மட்டும் உங்களுது :-)